எலும்புக்கும் வேலை வேண்டும்

“ஆயுசு முழுக்க உழைச்சது போதும்மா. இனிமே பேசாம உட்கார்ந்து சாப்பிடுங்க.” தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாயிடம் பிள்ளைகள் அன்போடு சொல்லும் பேச்சு இது. அன்பு உண்மைதான். ஆனால் உட்கார வைப்பதே அவருடைய எலும்புக்குக் கேடாகலாம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரங்களைச் சுற்றி நடந்தார். வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினார். எலும்பு உயிரில்லாத கட்டையன்று. பழையது கரைவதும் புதியது வளர்வதும் வாழ்நாள் முழுவதும் அதில் நடக்கின்றன. நடையும் சுமையும் இருந்தால்தான் புதியது வளரும். எடையே தெரியாத விண்வெளியில் தங்கும் வீரர்கள் கட்டான உடம்புக்காரர்கள். அவர்களுக்கே மாதத்துக்குச் சுமார் 1 விழுக்காடு எலும்பு வலு குறைகிறது. நாற்காலியே கதியென்று இருக்கும் பாட்டியின் எலும்பு என்னாகும்? அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தேய்வு இன்னும் வேகமாகும்.

இந்தத் தேய்வு வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. குளியலறையில் ஒரு சறுக்கல், இடுப்பெலும்பு முறிவு, அதன் பிறகே தெரியவரும். அப்படி முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை, தாய்மார்களே!

முதலில் சாப்பாடு. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 250 தான். தேத்தண்ணீரில் ஊற்றும் இனிப்பு டின்பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல டின்களில் சீனியும் செம்பனை எண்ணெயுமே அதிகம். உப்புப் போகக் கழுவிய நெத்திலி, முள்ளோடு தின்னும் டின் சார்டின், கேழ்வரகுக் கூழ், தவ்வு, தயிர், முருங்கைக்கீரை ஆகியவை நம் கைக்கு எட்டியவையே. “வயசானவங்களுக்குச் சோறும் ரசமும் போதும்” என்று விட்டுவிடக் கூடாது. தசை வலுவாக இருந்தால்தான் கால் தடுமாறாது. ஆகவே வேளைக்கு ஒரு முட்டையோ, மீன் துண்டோ, கெட்டிப் பருப்போ இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

உண்ட சுண்ணாம்பு உடம்பில் சேர வைட்டமின் டி தேவை. அதை நம் தோல் வெயிலில் உண்டாக்கிக்கொள்ளும். வெயில் கொட்டும் நாடாயினும், அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு அது கிட்டாது. கையும் காலும் வெயில் படும்படி தினமும் சற்று நேரம் வெளியே இருக்கட்டும்.

அடுத்தது உடலுழைப்பு. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று விரைந்து நடக்கவும், வாரத்தில் மூன்று நாளேனும் உடல் வலுவுக்கும் நிலை தடுமாறாமைக்கும் பயிற்சி செய்யவும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் முதியோருக்கு ஆலோசனை கூறியது. இதற்குக் காசு வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கலாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கடைக்கு நடப்பதும் நல்லதே. முதுகு ஏற்கெனவே கூனியவர்கள் மட்டும் குனிந்து பாரம் தூக்கக் கூடாது.

வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். குளியலறையில் பாசி இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இரவில் எழுந்து போக வெளிச்சம் உண்டா? தேய்ந்த சிலிப்பரை இன்றே மாற்றுங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. மூட்டுவலிக்கென்று இரவுச் சந்தையில் விற்கும் மாத்திரையையும் மூலிகைப் பொடியையும் நம்பாதீர்கள். இத்தகைய சில பொருள்களில் ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். நாளடைவில் எலும்பு உளுத்துவிடும். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அந்த மருந்தைக் கையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உயரம் குறைந்தாலோ, முதுகு வளைந்தாலோ, லேசாக விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தாலோ “வயசாச்சு” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது எலும்பு தரும் முதல் எச்சரிக்கை. எலும்பின் அடர்த்தியை அளக்கப் பரிசோதனை உண்டு. தேய்வை மட்டுப்படுத்த மருந்தும் உண்டு. அடுத்த முறை இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போகும்போது, இதையும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.