பக்கம் மாறினால் குறி மாறுமா? அளவியல் கணக்கில் மார்க்கைப் பறிக்கும் அவசரம்!

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' சின்ன வகுப்பில் மனப்பாடமாகும் இந்த வரி, பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் பல பிள்ளைகளின் காலை வாரிவிடுகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உருளை வடிவ டப்பா ஒன்றின் கன அளவு 1,540 கன செ.மீ., ஆரம் 7 செ.மீ. உயரம் என்ன?

கன அளவு = பை × ஆரம் × ஆரம் × உயரம். பைக்கு 22/7 என்று போட்டால் முதல் மூன்றின் பெருக்கல் 154. அதாவது, 1,540 = 154 × உயரம்.

இங்கேதான் அவசரம். 154-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்துவிடுகிறார்கள். விடை 1,386 செ.மீ.! கிட்டத்தட்ட 14 மீட்டர். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் டப்பா நான்கு மாடி உயரமா இருக்கும்?

உண்மையில் எந்த எண்ணும் தானாகப் பக்கம் மாறுவதில்லை. சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டில் செய்வதை மறு தட்டிலும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கூட்டலில் ஒட்டியிருப்பதைக் கழித்துப் பிரிக்கலாம். பெருக்கலில் ஒட்டியிருப்பதை வகுத்துத்தான் பிரிக்க முடியும். இரு பக்கத்தையும் 154-ஆல் வகுத்தால் உயரம் 10 செ.மீ.

உயரத்தைக் கொடுத்து ஆரத்தைக் கேட்டால் இன்னும் ஒரு படி கூடுதல். வகுத்த பிறகு கிடைக்கும் 49, ஆரத்தின் வர்க்கம். அதைப் பாதியாக்கக் கூடாது. வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 7.

இது பரீட்சையோடு முடிகிற விஷயமில்லை. வீட்டில் 6,000 லிட்டர் சம்ப் கட்ட வேண்டும். இருக்கும் இடமோ உள்ளளவில் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். எவ்வளவு ஆழம் வேண்டும்? 1,000 லிட்டர் என்பது 1 கன மீட்டர். ஆக, 6-ஐ 3-ஆல் வகுத்தால், தண்ணீர் நிற்க மட்டும் 2 மீட்டர் ஆழம் தேவை. விளிம்புவரை நிரம்பாதபடி மேலே விடும் இடைவெளி தனி. குழி தோண்டும் முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு கொத்தனாரோடு வாக்குவாதம் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். விடை வந்ததும் அதைச் சூத்திரத்தில் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். 154 × 10 = 1,540. அரை நிமிட வேலை. முழு மார்க் பத்திரம்!