டிசம்பர் 25: ஒரே தேதி, இரண்டு நெருப்பு

நாட்காட்டிக்கு வர்க்கம் கிடையாது. அரசன் முடிசூடிய நாளும் ஏழை உயிர்விட்ட நாளும் அதில் ஒரே அளவுத் தாளில்தான் அச்சாகின்றன. ஆனால் அந்தத் தாளில் எதைக் குறிப்பது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கிறவர்களுக்கு வர்க்கம் உண்டு.

‘வரலாற்றில் இன்று’ என்று பத்திரிகைகள் வெளியிடும் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். டிசம்பர் 25 என்றதும் ஏசுநாதர் பிறந்த திருநாள் என்று எழுதுவார்கள். கோடானுகோடி மக்கள் கொண்டாடும் நாள் அது; எழுத வேண்டியதுதான். அடுத்து, கி.பி. 800-ல் ரோமாபுரியில் சார்லமேன் சக்கரவர்த்தியாக முடிசூட்டப்பட்டதை எழுதுவார்கள். 1066-ல் இங்கிலாந்தைப் போரில் வென்ற வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடியதையும் எழுதுவார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் அதே தேதியில், 1927-ல் மராட்டிய மண்ணில் ஒரு நெருப்பு மூட்டப்பட்டது. 1968-ல் தஞ்சை மண்ணில் ஒரு நெருப்பு வைக்கப்பட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் நம் நாட்டின் சரித்திரத்தை அறிந்துகொள்ள முடியாது.

முதல் நெருப்பு மகத் என்ற சிறு ஊரில் மூட்டப்பட்டது. அங்கே சவ்தார் குளம் என்று ஒரு பொதுக்குளம். ஆடு மாடுகள் அதில் இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் குடிக்கக் கூடாது. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானம் செய்திருந்தது. மகத் முனிசிபாலிடியும் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் ஏட்டோடு நின்றது, தாகம் தீரவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்துத் தண்ணீரை அருந்தினார்கள். அவர்களைச் சாதி வெறியர்கள் தாக்கினார்கள். பிறகு பாலும் தயிரும் சாணமும் கோமூத்திரமும் கலந்து குடம் குடமாகக் கொட்டி, குளத்தைச் ‘சுத்தி’ செய்தார்கள்.

டிசம்பரில் மறுபடியும் மாநாடு கூடிற்று. இம்முறை கோர்ட்டின் தடையுத்தரவு குளத்துக்குக் குறுக்கே நின்றது. 25-ம் தேதி இரவு, மனிதரைப் பிறப்பினால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பிரிக்கும் மனுஸ்மிருதி நெருப்பில் இடப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். எதிர்ப்பு ஒரு சாதியின் மீதல்ல, ஒரு அநீதியின் மீது என்பதற்கு அதுவே சாட்சி. குளத்து வழக்கு இழுத்தடிக்கப்பட்டு, 1937-ல்தான் பம்பாய் ஹைக்கோர்ட்டில் அம்பேத்கர் தரப்புக்கு வெற்றியாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு!

மகத் நெருப்புக்குப் பின் நாற்பத்தோரு ஆண்டுகள் கழிந்தன. வெள்ளையன் போய்விட்டான். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று பிரகடனம் செய்தது. கீழத் தஞ்சையில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்கள் 1940-களிலேயே செங்கொடியின் கீழ் சங்கம் கண்டிருந்தார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்களின் பிடியில்தான் இருந்தது.

1968-ல் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டிருந்த மிராசுதார்கள் சொன்னது என்ன? செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது. கீழ்வெண்மணி மக்கள் இறக்க மறுத்தார்கள். டிசம்பர் 25 இரவு, அடியாட்படை அந்தக் குடியிருப்பைச் சூழ்ந்தது. உயிர் பிழைக்க ஒரு சிறு குடிசைக்குள் புகுந்தவர்களை வெளியே விடாமல் தீ வைத்தார்கள். 44 பேர் வெந்து மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

ஒடுக்கப்பட்டவர்கள் நெருப்பை எடுத்த இடத்தில் எரிந்தது ஒரு புத்தகம். ஒடுக்கியவர்கள் நெருப்பை எடுத்த இடத்தில் எரிந்தவை 44 உயிர்கள். உரிமை கேட்கும் ஏழைகளைப் பார்த்து ‘பலாத்காரம் வேண்டாம்’ என்று உபதேசம் செய்யும் கனவான்கள், இந்த இரண்டு நெருப்பையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

வெண்மணி வழக்கின் கதையும் மறக்கத்தக்கதல்ல. 1970-ல் செஷன்ஸ் கோர்ட்டு மிராசுதாருக்கும் மற்றும் சிலருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. மேல்விசாரணையில் சென்னை ஹைக்கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. காரும் நிலபுலமும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு கருதிற்று. அதே நாள் நடந்த மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கிலோ, விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். செல்வம் இருப்பதே குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாகிவிட்டால், ஏழைக்கு எந்தக் கோர்ட்டில் நியாயம் கிடைக்கும்?

‘மனிதர் மனம் மாறினால் போதும், சங்கம் எதற்கு, போராட்டம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் இதே தேதி பதில் சொல்கிறது. 1914 கிறிஸ்துமஸ் அன்று, முதல் உலக யுத்தத்தின் மேற்குப் போர்முனையில் பல இடங்களில் ஆங்கிலச் சிப்பாய்களும் ஜெர்மன் சிப்பாய்களும் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்தார்கள். கை குலுக்கினார்கள். சிகரெட்டைப் பங்கிட்டுக் கொண்டார்கள். நடுவெளியில் கிடந்த சடலங்களை அடக்கம் செய்தார்கள். அன்று மனம் மாறத்தான் செய்தது. ஆனால் யுத்தத்தை நடத்தும் அதிகாரம் சிப்பாய்களின் கையில் இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று தளபதிகள் கண்டிப்பான உத்தரவு போட்டார்கள். 1918 நவம்பர் வரை கொலைக்களம் நீடித்தது. நல்ல மனம் வேண்டும். அது மறுநாளும் நிலைக்க ஸ்தாபன பலம் வேண்டும்.

கீழத் தஞ்சையில் அந்த பலம் வீண்போகவில்லை. வெண்மணிக்குப் பிறகு கணபதியாப் பிள்ளை கமிஷன் அமைக்கப்பட்டது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அதை எந்த மிராசுதாரும் கருணையால் தரவில்லை. 44 பேர் உயிரைக் கொடுத்தார்கள், சங்கம் கலையாமல் நின்றது, சட்டம் வந்தது.

இந்தத் தேதியில் நமக்குக் கசப்பான செய்தியும் உண்டு. 1991 டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார்; கிரெம்ளின் மீது பறந்த செங்கொடி இறக்கப்பட்டது. அதை நாம் பட்டியலிலிருந்து அடிக்கப் போவதில்லை. நமக்குப் பிடிக்காததை மறைத்தால், பிறர் மறைப்பதைக் கண்டிக்க நமக்கு என்ன யோக்கியதை? அத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஆனந்தப்பட்டவர்களும் உண்டு. ஆனால் வெண்மணி மக்கள் கொடியை இறக்க மறுத்தது கிரெம்ளினில் கொடி பறக்கிறது என்பதற்காக அல்ல. தங்கள் கூலிக்காகவும் மானத்துக்காகவும். அந்தக் கோரிக்கைகள் எந்தக் கொடிமரத்தோடும் கீழே இறங்கிவிடவில்லை.

இது பழங்கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. 2022 டிசம்பர் கடைசி வாரத்தில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. மகத் குளத்துக்குப் பின் 95 ஆண்டுகள்! தண்ணீர் இன்னும் வழக்காகவே இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் இந்நாளில் மக்கள் வெண்மணியில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அஞ்சலி அவசியம், அதுமட்டும் போதாது. பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தத் தேதியின் மகத்தையும் வெண்மணியையும் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பொதுக்குழாயும் கிணறும் சுடுகாட்டுப் பாதையும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டம் சொன்ன கூலி களத்துமேட்டில் அளக்கப்படுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அன்றே சங்கத்தைக் கூட்டுங்கள். தேதிகள் தாமாகத் திரும்பி வரும். நியாயம் தானாக வராது.