கை அசைய மனம் அசையும்

மனம் வாடியிருப்பவரைக் கண்டால், “கவலையை விடு, மனத்தை மாற்றிக்கொள்” என்று நாம் அறிவுரை கூறுகிறோம். நல்லெண்ணத்துடன் கூறினாலும், சோர்ந்த மனம் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வது எளிதன்று. மனம் தெளிந்தபின் செயலில் இறங்கலாம் எனக் காத்திருப்பதைவிட, சிறு செயலொன்றைத் தொடங்கி அதன்வழி மனம் தெளிய இடந்தருவதே தக்கது என்பது என் கருத்து.

வாட்டம் வளரும் முறையை உற்றுநோக்கினால் இதன் காரணம் விளங்கும். தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவர் நண்பர்களைத் தவிர்க்கிறார்; விளையாட்டை நிறுத்துகிறார்; பகலில் படுத்துக் கிடந்து இரவில் விழித்திருக்கிறார். மகிழ்ச்சி வரும் வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட, வாட்டம் மிகுகிறது. வாட்டம் மிகமிக, அவர் மேலும் ஒதுங்குகிறார். இச்சுழலிலிருந்து மீளப் பெருமுயற்சி தேவையில்லை. அந்நிலையில் அது இயலவும் இயலாது. குறித்த நேரத்தில் எழுதல், உண்ட தட்டைத் தானே கழுவுதல், செடிக்கு நீர் வார்த்தல், வெயில் ஏறுமுன் தெருமுனைவரை நடத்தல் ஆகியவை போதும். செய்து முடிக்கத்தக்க அளவில் சிறியதாயிருப்பதே இவற்றின் வலிமை.

இது வெறும் நம்பிக்கையன்று. கோவாவில் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன், பயனுள்ள அன்றாடச் செயல்களில் படிப்படியாக ஈடுபடவும் வழிகாட்டப்பட்டது. வழிகாட்டியோர் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற ஆலோசகர்களே. மூன்று மாதங்களுக்குப்பின், அவ்வாறு வழிகாட்டப்பட்டோரில் 64 விழுக்காட்டினர் நோய் தணிந்திருந்தனர். மற்றவர்களில் 39 விழுக்காட்டினரே அந்நிலையை எய்தினர்.

பேரிழப்பிற்குப் பின்னும் சிறு செயல்களிலிருந்தே வாழ்வைத் தொடங்க முடியும் என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். எழுந்து உட்காரவும் சக்கர நாற்காலியில் அமரவும் அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பின்னர் நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களின் தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் நாள் முழுதும் உழைத்துத் திரும்புவோரிடம் இதைக் கூறுவது ஏளனமாகாதா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. சிறு செயல் கடனை அடைக்காது, கூலியை உயர்த்தாது, பாலாற்றைத் தூய்மையாக்காது. அவற்றுக்குக் கூட்டு முயற்சியே வழி. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியோரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. எனினும், முடங்கிய மனத்தால் உரிமைக்குக் குரல் கொடுப்பது அரிது. உழைத்துக் களைத்தோருக்கு வேண்டுவது மேலும் ஓர் உழைப்பன்று. தமக்கென ஒரு கால்மணி நேரம். திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டாருடன் பேசுவதும் விரும்பிய பாட்டொன்றைக் கேட்பதும் செயல்களே.

சிறு செயல்களுக்கும் எல்லையுண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் வாட்டம் நீடித்தாலோ, வாழ்வே வேண்டா என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். 14416 என்னும் இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருந்துண்பதில் இல்லாத நாணம் இதற்கு மட்டும் எதற்கு?

உதவுவோருக்கும் ஒரு கடமையுண்டு. 1957 முதல் இயங்கிவரும் வேலூர் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கின்றனர். அம்முறை உணர்த்தும் உண்மை எளியது: வாடியவருக்கு அறிவுரையைவிடத் துணையே வேண்டும். ஆகவே, ஒதுங்கியிருக்கும் தோழரிடம் “கவலைப்படாதே” என்று சொல்லி அகலாதீர்கள். “வா, கடைத்தெருவரை நடந்து வருவோம்” என்று அழையுங்கள். அவர் மறுத்தால் நாளையும் அழையுங்கள்.