பழைய முகவரியை அநாதையாக விடாதீர்கள்

சில வாரங்களுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் எங்களை அழைத்தார். "தோழர், நீங்கள் கையெழுத்திட்ட உண்மை அறியும் குழு அறிக்கையின் லிங்க்கை என் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறேன். திறந்தால் ரம்மி விளையாட்டு வருகிறது. நெறியாளர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்" என்றார்.

திறந்து பார்த்தோம். எரிக்கப்பட்ட வீடுகளின் கணக்கும் பெண்களின் வாக்குமூலங்களும் இருந்த இடத்தில் சீட்டுக்கட்டு விரிந்து கிடந்தது.

இதைச் செய்தது எந்த ஆதிக்கச் சாதிச் சங்கமும் அல்ல. நம் அமைப்புதான். புதிய பெயர், புதிய லோகோ, புதிய இணையதளம் என்று விழா எடுத்தார்கள். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த அறிக்கை புதிய தளத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பழைய முகவரியை மேற்கோள் காட்டிய மனுக்கள், கட்டுரைகள், ஆய்வேடுகள் எல்லாம் இப்போது சூதாட்டக்காரனின் வாசலில் நிற்கின்றன.

டொமைனுக்குப் பட்டா கிடையாது. ஆண்டு வாடகைதான். கட்டாவிட்டால் சில வாரங்கள் அவகாசம் தருவார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதற்காகவே காத்திருக்கும் வியாபாரிகள் உண்டு. பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் நம் பக்கங்களுக்குக் கொடுத்த இணைப்புகளால் தேடுபொறியில் அந்த முகவரிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நாம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த நம்பகத்தன்மை அவர்களுக்கு முதலீடாகிறது.

அதைவிட ஆபத்து மின்னஞ்சல். டொமைனை வாங்கியவர் நினைத்தால், பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் அவருக்கே போய்ச் சேரும். வன்கொடுமைக்கு ஆளான பெண் பழைய துண்டறிக்கையைப் பார்த்து அனுப்பும் புகார் யார் கையில் விழும்? யோசித்தார்களா?

"பழசை யார் படிக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். 'அப்படியொரு சம்பவமே எங்கள் ஊரில் நடக்கவில்லை' என்று சொல்பவர்களிடம் நாம் காட்டுவது பழசைத்தானே? இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய 'பறையன்' இதழைத் தேடியவர்களுக்கு, ஒரு பிரதி கிடைப்பது எவ்வளவு அரிது என்று தெரியும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எழுத்துகள் 1999-ல் தொகுப்பாக நமக்குக் கிடைத்தன என்றால், பழைய இதழ்களைச் சிலர் பொத்திப் பொத்திக் காத்ததுதான் காரணம். காகிதத்தைக் கறையானிடமிருந்து காத்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்ட முடியாதா? ஒரு மாநாட்டுக்கு எத்தனை ஃப்ளெக்ஸ் வைக்கிறோம்?

2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. அரசுக்கும் பெருநிறுவனத்துக்கும் வேறு ஆவணக் காப்பகம் இருக்கும். நமக்குப் பல நேரங்களில் அந்த ஒரு பக்கம்தான் காப்பகம். 'வேபேக் மெஷினில் இருக்குமே' என்று நம்பி உட்காராதீர்கள். எல்லாப் பக்கங்களையும் அது எடுத்து வைப்பதில்லை.

என்ன செய்ய வேண்டும்? பழைய டொமைனைத் தொடர்ந்து புதுப்பியுங்கள். பழைய தளத்தின் ஒவ்வொரு முகவரியையும் ஒரு எக்செல் தாளில் எழுதி, எதிரே புதிய தளத்தில் அதே கட்டுரையின் முகவரியை எழுதுங்கள். அதைத் தொழில்நுட்பத் தோழரிடம் கொடுத்து '301 ரீடைரக்ட்' போடச் சொல்லுங்கள். 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் குறியீடு அது. '302' என்றால் தற்காலிக மாற்றம் என்று பொருள், அது வேண்டாம்.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஏற்காதீர்கள். மேலவளவு பற்றிய கட்டுரையைத் தேடி வந்தவரைத் தலைவர் படத்தின் முன் நிறுத்துவது பதில் ஆகாது. கூகுளும் அப்படித் திருப்பிய பக்கங்களை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்கிறது.

ஒரு விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று நீக்கிய பக்கத்தை எங்கும் திருப்பாதீர்கள். 'நீக்கப்பட்டது' என்று சொல்லும் 410 குறியீட்டைப் போடுங்கள்.

தோழர்களே, டொமைன் பெரும்பாலும் யாரோ ஒரு முன்னாள் தன்னார்வலரின் பெயரில், அவருடைய கைபேசி எண்ணில்தான் இருக்கிறது. அவர் ஊர் மாறினால் நம் வரலாறும் போய்விடும். அடுத்த செயற்குழுவில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, பாஸ்வேர்டு யாரிடம்? பதில் தெரியாவிட்டால் புதிய தளத்தின் திறப்பு விழாவைத் தள்ளிவையுங்கள்.