காரில் வந்தால்தான் கௌரவமோ?

விமானத்தில் வந்து இறங்குகிற மனிதன், சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சரி, பம்பாயிலிருந்து வந்தாலும் சரி, வாடகைக் காரில்தான் ஊர் வந்து சேர வேண்டும், ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தால் அவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம் ஐயம்பேட்டையில் ஏறக்குறைய ஒரு சாஸ்திரமாகவே நிலைத்துவிட்டது. பகல் முழுதும் குழித்தறியில் கால் மிதித்து, அறுந்த ஜரிகை இழையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு முடிந்து, நெய்து கொடுத்த சேலைக்கு மட்டுமே கூலி என்ற கணக்கில் ஜீவனம் நடத்துகிற குடும்பமும்கூட, பிள்ளை வருகிற நாளில் தறியை நிறுத்திவிட்டு, ஒரு வேனைப் பேசி, அத்தையும் சித்தப்பாவும் அண்டைவீட்டுக் குழந்தைகளுமாக மீனம்பாக்கத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. அன்பினால் போகிறோம் என்றால் நமக்கு ஆட்சேபமில்லை. வேறு மார்க்கமே கிடையாது என்று சாதிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மார்க்கம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம் திரிசூலம் ரயில் நிலையம். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் நான்காவது நிறுத்தம் தாம்பரம். கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்தின் மேற்குப் பக்கம் பஸ் ஏறினால் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் கடந்து, காஞ்சிபுரம் போகிற வழியிலேயே நம்மூர். தாம்பரம் ரயில் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக டாடாவின் தபால் விமானம் மதராஸுக்கு வந்தது 1932-இல். மூத்தவனை நிற்க வைத்துவிட்டு இளையவனுக்கு மாலை போடுகிறோம்!

கார் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அடுத்த வாதம். மாலை வேளையில் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர்வரை ஜி.எஸ்.டி. சாலையில் நின்று நின்று ஊர்ந்தவர்கள், பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் தாண்டிப் போவதைக் கார் ஜன்னல் வழியாகப் பிரத்தியட்சமாகக் கண்டும், வீட்டுக்கு வந்ததும் அதே வாதத்தைக் கூசாமல் சொல்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் இறங்குகிறவர்களுக்கும், கனத்த பெட்டிகளோடு கைக்குழந்தையையும் சுமக்கிறவர்களுக்கும் கார் அவசியந்தான். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. தோளில் ஒரே ஒரு பையோடு பட்டப்பகலில் வந்து இறங்கும் வாலிபனுக்கு என்ன வந்தது?

பணம் போனால் போகட்டும். சொல்வாக்கு உள்ளவர்களெல்லாம் காரிலேயே போய் வருவதால், செங்கற்பட்டு–அரக்கோணம் தடத்தைப் பற்றி அதிகாரிகளிடம் வாய் திறப்பாரில்லை. கடற்கரையிலிருந்து திரிசூலம் வழியாகக் காஞ்சிபுரம் வருகிற மின்சார ரயில்கள் சிலவே. அவற்றில் ஏறினால் நத்தப்பேட்டையில் இறங்கி வீடு வந்துவிடலாம் என்பதுகூட நம்மவரில் பலருக்கு ஞாபகமில்லை. ஞாபகமே இல்லாத ரயிலுக்கு எண்ணிக்கை கூட்டச் சொல்லி யார் மனு எழுதுவார்கள்?

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்திருக்கிறார்கள். நிலத்தை இழக்கப் போகும் ஏகனாபுரத்து ஜனங்கள் அதை எதிர்த்துப் போராடுவது தனி விவகாரம், அவர்கள் பக்கத்து நியாயமும் பெரிது. அந்த நிலையம் வந்தே தீருமானால், முதல் விமானம் இறங்குமுன் அங்கே ரயில் வந்து நிற்க வேண்டும் என்று இன்றே கேட்க வேண்டிய நம்மூர்ப் பெரியவர்கள், பரந்தூருக்கு வேன் வாடகை எவ்வளவு குறையும் என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.