மான்தோல் மடிப்பேடும் குழந்தைப் படநூலும்

ஓரினத்தை அடிமைகொள்ள வருவோன் நிலத்தை மட்டும் பறிப்பதில்லை. அதன் நூல்களையும் தேடி அழிப்பான். 1562-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள், யுக்காத்தானின் மானி என்னும் ஊரில், இசுபானியத் துறவி தியேகோ தெ இலாந்தா மாயர்தம் ஓவிய ஏடுகளைத் தீயிலிட்டான். அவை பேயின் பொய்களாம்! இன்றைய மெக்சிகோ நாடெங்கும் இவ்வாறு அழிந்தவை போக, இசுபானியர் வருகைக்கு முந்திய ஏடுகளுள் எஞ்சியவை 20-ஐக் கூட எட்டவில்லை. மிக்சுத்தெக்கு மக்களின் மான்தோல் மடிப்பேடுகளுட் சிறந்தவை இலண்டனிலும் ஆக்சுபோர்டிலும் வியன்னாவிலும் அயலார் காப்பகங்களிற் கிடக்கின்றன.

அவ்வேடுகளின் வரைமுறையைக் குழந்தை நூலுக்குள் மீட்டுக் கொணர்ந்தவர் ஓவியரும் எழுத்தாளருமான டங்கன் தொனாத்தியூ. 1984-இல் மெக்சிகோ நகரிற் பிறந்தவர். தாய் மெக்சிகர், தந்தை அமெரிக்கர். தொனாத்தியூ என்பது நாவாத்தல் மொழியிற் கதிரவனைக் குறிக்கும் பெயர். நியூயார்க்கில் ஓவியம் பயிலுங்கால், அங்கு உழைத்து வாழ்ந்த மிக்சுத்தெக்கு நண்பர் ஒருவரின் வாழ்வை வரையப் புகுந்தார். அம்மக்களின் பழம்படங்களைத் தேடியபோது மடிப்பேட்டு ஓவியங்கள் அவர் கண்ணிற் பட்டன. அன்று தொட்டு அவர் வரையும் மாந்தர் பக்கவாட்டிலேயே நிற்கின்றனர். காதுகள் 3 என்னும் எண்ணைப் போல் வளைகின்றன. கையால் வரைந்த கோடுகளுக்குள் துணி, மரம், முடி ஆகியவற்றின் ஒளிப்படங்களைக் கணிப்பொறி வழியே இட்டு நிரப்புகிறார். பழமை பேசுவோர் புதுக்கருவியைத் தொடலாகாது என்பார்க்கு இவர் தூரிகையே விடை.

அவ்வரைமுறையைக் கொண்டு அவர் பழங்கதை மட்டும் சொல்லவில்லை. 2014-இல் வெளியான அவர் நூலொன்று சில்வியா மெண்டசு என்னும் சிறுமியைப் பற்றியது. 1944-இல் கலிபோர்னியாவின் வெசுட்மின்சுட்டர் ஊரில், அத்தை ஒருத்தி தன் மக்களையும் உடன்பிறந்தான் மக்களையும் பள்ளியிற் சேர்க்க அழைத்துச் சென்றாள். அவள் மக்கள் வெளிர்நிறத்தவர், சேர்த்துக்கொண்டனர். சில்வியாவும் அவள் உடன்பிறந்தாரும் கருநிறத்தவர். 'மெக்சிகர் பள்ளிக்குச் செல்க' என்று துரத்தினர். ஆங்கிலம் அறியாதவர் என்பது சொல்லப்பட்ட காரணம்; சில்வியாவோ நன்றாகவே ஆங்கிலம் பேசினாள்! மெக்சிகக் குழந்தைகள் தூய்மையிற் குறைந்தவர் என்று பள்ளி மேற்பார்வையாளர் ஒருவர் முறைமன்றத்தில் நாக்கூசாது கூறினார். தந்தை வழக்காடி 1946-இல் வென்றார். 1947-இல் மேல்முறை மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இவ்வளவையும் மடிப்பேட்டு மாந்தரின் வடிவிலேயே குழந்தை காண்கிறது. இழிக்கப்பட்ட மக்களை, அவர்தம் முன்னோர் அரசரையும் மறவரையும் வரைந்த அதே கோட்டால் வரைந்ததே அவ்வோவியரின் பெருந்துணிவு.

2018-இல், உணவகமொன்றில் குறைந்த கூலிக்கு உழைக்கும் மிக்சுத்தெக்கு ஏதிலியின் கதையைப் பழைய ஏடு போன்றே மடித்து விரிக்கும் வடிவில் வெளியிட்டார்.

ஆயினும் ஒன்று உறுத்துகின்றது. கோடு மீண்டது, மொழி மீண்டதா? 2022-இல் அவர் ஆக்கிய நூலில் அக்கை ஒருத்தி தன் தம்பிக்கு முன்னோர் ஏடெழுதிய முறையை விளக்குகிறாள். தம் நாடே ஏடுகளின் நாடு என்கிறாள். நாவாத்தற் சொற்கள் இடையிடையே மின்னுகின்றன. ஆனால் அக்கை பேசுவது ஆங்கிலம்! அமெரிக்காவில் வாழும் மெக்சிகக் குழந்தை பள்ளியிற் படிப்பது அதனைத்தான் என்பது உண்மையே. ஆகவே முழுப்பழியும் ஓவியர் மேல் ஏற்றல் முறையன்று. இசுபானியத்தில் பெயர்த்தாலும் குறை தீராது. ஏடுகளை எரித்தவன் மொழியன்றோ அது!

2003-இல் மெக்சிகோ அரசு பழங்குடி மொழிகளையும் நாட்டு மொழிகளென ஏற்றுச் சட்டம் இயற்றியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாவாத்தல் பேசுவோர் 16 நூறாயிரத்திற்கு மேற்பட்டோர். மிக்சுத்தெக்கு பேசுவோர் 5 நூறாயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்தம் குழந்தைகள் தாய்மடியிற் கேட்ட சொல்லை ஒரு படநூலில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாவா? நூலின் இறுதியில் அருஞ்சொற் பட்டியலில் ஒதுங்கி நிற்கும் நாவாத்தற் சொற்கள் முதற் பக்கத்திலேயே, தம் தொடரோடும் தம் இலக்கணத்தோடும் பேசட்டும். அவ்வரிகளுக்கு வரைய இவரினும் தக்க கை வேறில்லை.