எம்.ஆர்.ஐ-யில் 'டிஸ்க் பல்ஜ்' என்று வந்தால் பயப்பட வேண்டுமா? ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்!

முதுகு வலிக்காக டாக்டரைப் பார்க்கப் போகிற பலர், இப்போது எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டுடன்தான் உள்ளே நுழைகிறார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்', 'டீஜெனரேட்டிவ் சேஞ்சஸ்' என்றெல்லாம் அதில் இருக்கும். கூகுளில் தட்டினால் அடுத்த நிமிடமே ஆபரேஷன் வீடியோ. "ஜவ்வு விலகிடுச்சாம், இனிமே வெயிட்டே தூக்கக் கூடாதாம்" என்று 28 வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. ஸ்கேன் காட்டுவது உண்மைதான். ஆனால், அதில் தெரிவதெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தால்?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். முதுகு வலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்த ஆய்வு ஒன்று 1994-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் பல்ஜ் இருந்தது. எல்லா டிஸ்க்கும் நார்மலாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர் மட்டுமே.

பல ஆய்வுகளைத் தொகுத்து, வலி இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை 2015-ல் அலசினார்கள். 20 வயதில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 50 வயதில் 60 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 30 வயதிலேயே பாதிப் பேருக்கு இருந்தது. வயதாக ஆக முடி நரைப்பதைப் போலத்தான் இதுவும்.

வலி இருப்பவர்களிடம் இந்த மாற்றங்கள் இன்னும் அதிகமாகத் தெரியலாம். ஆனால், உங்கள் வலிக்குக் காரணம் இதுதானா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் கவனித்தீர்களா?

பல ரிப்போர்ட்டுகள் 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று முடியும். படத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறேன், நோயாளியை நேரில் பரிசோதித்து இரண்டையும் பொருத்திப் பாருங்கள் என்று டாக்டருக்கு ரேடியாலஜிஸ்ட் சொல்லும் குறிப்பு அது.

பொருத்திப் பார்ப்பது எப்படி? எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அழுத்தம் எல்5 நரம்பின் மீதுதான் விழும். அப்போது கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையலாம். வலி, தொடையின் பக்கவாட்டில் இறங்கிப் பாதத்தின் மேற்புறம் வரை போகலாம். டாக்டர் உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பதும், சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஸ்கேன் இடது பக்கம் பிதுக்கம் என்கிறது, மரத்துப்போவதோ வலது கால் என்றால், அந்தப் பிதுக்கம் உங்கள் பிரச்னைக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன நஷ்டம்?

எக்ஸ்ரே, சி.டி போல எம்.ஆர்.ஐ-யில் கதிர்வீச்சு கிடையாது. அப்புறம் என்ன, எடுத்துவிடலாமே என்று தோன்றும். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலி வந்த 380 பேரில் ஒரு பாதிக்கு எம்.ஆர்.ஐ, மறு பாதிக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்பினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால், எம்.ஆர்.ஐ எடுத்தவர்களில் 10 பேர் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். எக்ஸ்ரே தரப்பில் 4 பேர். சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

யோசிக்க இன்னொரு உதாரணம், தென்கொரியா. அங்கே உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்ந்துகொண்டது. 1993-உடன் ஒப்பிட்டால் 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவில்லை. வாழ்நாளில் எந்தத் தொந்தரவும் தந்திருக்காத சின்னக் கட்டிகளுக்காகப் பலர் தைராய்டை இழந்தார்கள், ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. ஆபீஸில் தரும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்ப ஸ்கேனே வேண்டாமா?

கட்டாயம் வேண்டிய இடங்கள் உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்துக் கசிகிறதா என்பதை ஸ்கேன் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். கசிவாக இருந்து அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே சிகிச்சையைத் தீர்மானிப்பதே சி.டி ஸ்கேன்தான்.

முதுகு வலியிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கின்றன. சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, கீழே விழுந்த அடி, ஏற்கெனவே புற்றுநோய் வந்த வரலாறு இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாத புது முதுகு வலி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்தே கிடக்காமல் நடமாடுவது நல்லது.

யார் மாற வேண்டும்?

"ஒரு ஸ்கேன்கூட எழுதித் தரல, என்ன டாக்டர் இவர்?" என்று கேட்கும் நாம்தான் முதலில் மாற வேண்டும். கால் மணி நேரம் பேசி, தொட்டுப் பார்த்து "ஸ்கேன் இப்ப வேண்டாம்" என்று சொல்கிற டாக்டர் உங்கள் பணத்தை மட்டுமல்ல, தேவையில்லாத பயத்தையும் மிச்சப்படுத்துகிறார். டாக்டர்களும், ஆறுதலுக்காக ஸ்கேன் எழுதித் தருவதைவிட அது ஏன் வேண்டாம் என்று இரண்டு நிமிடம் விளக்கலாம். ரிப்போர்ட்டை அனுப்பும் ஸ்கேன் சென்டர்கள், வலி இல்லாதவர்களிடமும் இந்த மாற்றங்கள் சகஜம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த முறை ஸ்கேன் என்றதும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் எதைத் தேடுகிறீர்கள்? ரிசல்ட் எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்? இப்போது எடுக்காமல் சில வாரம் பொறுத்தால் ஆபத்து உண்டா? இரண்டாவது கேள்விக்கு 'எப்படி வந்தாலும் இதே மாத்திரை, இதே பயிற்சிதான்' என்று பதில் வந்தால், ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.